கண்ணாடிக்கு மேல் படர்ந்த செடி

தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அக்காவுக்கு நிறுத்தத் தெரியாது. கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓட, வாய் இன்னொரு பக்கம் ஓடும். பார்லருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி முடிப்பதற்குள், இந்தக் கடைக்காரியின் தங்கை தோல் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவள் உள்ளே நுழைந்தால் வார்டே எழுந்து நிற்கும் என்பதெல்லாம் காதில் விழுந்துவிடும். வார்டு எழுந்து நிற்கும் என்பது கொஞ்சம் கூடுதல்தான். படுத்துக் கிடக்கிறவர்கள் எங்கே எழுந்து நிற்பது? ஆனால் அக்கா சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கத்தரிக்கோல் அவள் கையில் அல்லவா இருக்கிறது.

பெருமை அடித்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தது இந்தப் பார்லர் வேலைதான். முதலில் யாரோ ஒருத்தியின் கடையில் கூட்டிப் பெருக்கி, பிறகு தலை அலசி, பிறகு வெட்டக் கற்றுக்கொண்டு, கடைசியில் தெருமுனையில் சொந்தமாக ஒரு கடை போட்டாள். சாயம் பூசுவதில் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் பூசிய தலையைப் பார்த்துச் சாயம் என்று கட்டின புருஷனால்கூடச் சொல்ல முடியாது. அப்படிச் சில புருஷன்கள் இன்னும் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கடை திறந்த அன்று தங்கை ஒரு செடி கொண்டுவந்தாள். அப்போது அவள் படிப்பின் கடைசி வருடப் பயிற்சியில் இருந்தாள். ராத்திரி டியூட்டி முடிந்து, தூக்கம் சொக்கும் கண்ணோடு, வழியில் கையில் கிடைத்த தொட்டியை வாங்கி அக்காவின் கையில் திணித்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு கொட்டாவி விட்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். டம்ளர் அளவு தொட்டி, அதில் நாலைந்து இலை. அவ்வளவுதான்.

இன்று அந்தச் செடி பெரிய கண்ணாடியின் தலைமேல் ஏறி, சுவரைச் சுற்றி வந்து, ஏசி பெட்டியைக் கட்டிக்கொண்டு, கல்லா மேசை வரைக்கும் தொங்குகிறது. இதய வடிவில், உள்ளங்கை அகலத்தில் இலை. எல்லாரும் மணி பிளான்ட் என்பார்கள். அக்காவும் அப்படித்தான் சொல்வாள். "என் தங்கச்சி முதமுதல்ல எனக்கு வாங்கிக் குடுத்தது. அப்ப இத்தனூண்டு இருந்துச்சு" என்று அவள் சொல்லிக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. மாதம் தவறாமல் சாயம் பூச வரும் டீச்சரம்மாவுக்கு அது மனப்பாடம். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா மூச்சு வாங்க நிறுத்தினால் மீதியை அவரே சொல்லி முடித்துவிடுவார்.

இப்படியாக எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, விரல்கள் அரிக்கத் தொடங்கும்வரை.

முதலில் விரல் இடுக்கில் சின்னச் சின்னப் பொரிகள். பிறகு விரல் நுனி வெடித்து நீர் கசிந்தது. பிறகு கண் இமை தடித்துச் சிவந்தது. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு தடவினால் அடங்கும்; இரண்டு வாரம் கழித்து மறுபடி கிளம்பும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் இருந்த டாக்டர் கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன தொழில் என்று கேட்டார். பார்லர் என்றதும், "ஹேர் டை அலர்ஜி. வேற தொழில் பாத்துக்கோங்கம்மா" என்றார். இந்த பஸ் இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் போங்கள் என்கிற மாதிரி சொன்னார்.

அக்காவுக்கு வந்த கோபத்தை அவள் வீடு வந்து சேரும்வரை சாலையில் போன ஆட்டோக்காரர்களெல்லாம் அனுபவித்தார்கள். ஆனால் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. சாயத்தைத் தொடக்கூடாதென்றால் அவளிடம் கடையில் என்ன மிச்சம்? வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சாயத்துக்காகவே வருகிறவர்கள். புருஷன் நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதால் உடனே வழி கண்டுபிடித்துவிட்டார். "உன் உடம்பவிட கடை பெருசில்ல. கேட்ட விலைக்கு எடுத்துக்க ஒரு ஆள் இருக்காரு. மாசக் கடைசில வந்து பாக்கறேன்னாரு" என்றார். அக்கா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். கை எரிந்தது.

வீட்டிலேயே ஒரு தோல் டாக்டரை வைத்துக்கொண்டு ஏன் காட்டவில்லை என்று கேட்கலாம். காட்டாததற்குக் காரணமே அதுதான். பக்கத்துத் தெரு டாக்டர் சொன்னால் போடா என்று வந்துவிடலாம். தங்கை சொல்லிவிட்டால் அது முடிந்த முடிவு. அதற்கு மேல் அக்காவுக்குக் கோர்ட்டு கிடையாது. அதனால் வீடியோவில் பேசும்போது கையைக் கீழேயே வைத்துக்கொண்டாள். கண்ணை எங்கே வைப்பது?

"கண்ணுக்கு என்ன?" என்றாள் தங்கை.

"தூக்கமில்லடி."

"இமை உரிஞ்சிருக்கு."

"அழுதேன். சீரியல்ல ஒருத்தி செத்துட்டா."

"அக்கா, நான் தோல் டாக்டர். உன் தங்கச்சியா மட்டும் இருந்தா நம்பியிருப்பேன். கைய மேல எடு."

குட்டு உடைந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள்.

தங்கையை வெள்ளைக் கோட்டில் வேலை நேரத்தில் பார்ப்பது அக்காவுக்கு அதுதான் முதல் தடவை. கை போகிற கவலையிலும் அவளுக்கு வாயெல்லாம் பல். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "உள்ள இருக்கறது என் தங்கச்சி" என்று ஒருத்தர் விடாமல் சொல்லியாகிவிட்டது. உள்ளே தங்கை அக்காவின் கையை விளக்கடியில் பிடித்து, விரல் விரலாக, இடுக்கு இடுக்காகப் பார்த்தாள். முடி வெட்டும்போது அக்கா எப்படிப் பார்ப்பாளோ அதே மாதிரி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"சாயம் போடறப்ப கிளவுஸ் போடுவியா?"

"போடாம தொடமாட்டேன். தொழில் கத்துக்குடுத்தவ அடிச்சுச் சொல்லிக்குடுத்தது."

"அப்ப கிளவுஸுக்குள்ள இருக்கற விரல்ல எப்படி வருது?" என்று தங்கை தனக்குள் கேட்டுக்கொண்டாள். "வீட்ல செடி ஏதாவது வெச்சிருக்கியா?"

"உங்க மாமா கொசு வரும்னு ஒரு துளசிகூட வைக்க விடமாட்டாரு."

அது உண்மைதான். வீட்டில் செடி கிடையாது. கடையைப் பற்றித் தங்கை கேட்கவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை, கண்ணாடி மேல் இருப்பதை அவள் ஒருநாளும் செடியென்று நினைத்ததில்லை; அது அவளுக்கு வீட்டு மனுஷி மாதிரி.

முதுகில் பரிசோதனை வைத்தார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கைத் துளித்துளியாக வைத்து, பிளாஸ்திரியோடு முதுகில் ஒட்டிவிடுவது. சாயத்தில் இருப்பது, ஷாம்பூவில் இருப்பது, வாசனைப் பொருள், கிளவுஸ் ரப்பர், கத்தரிக்கோல் உலோகம் என்று வரிசையாக. இரண்டு நாள் கழித்துப் பிரித்து, எந்த இடம் சிவந்திருக்கிறதென்று பார்ப்பது. இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி ஒருமுறை பார்ப்பது. அதுவரை முதுகு நனையக்கூடாது, சொறியவும் கூடாது. அக்கா அந்த நாட்களில் சுவரோரம் போகும்போதெல்லாம் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

இரண்டாம் முறை பார்த்துவிட்டுத் தங்கை சொன்னாள்: "ஒண்ணுமே இல்ல. முதுகு சுத்தமா இருக்கு."

"சாயம்?"

"சாயம் இல்ல."

அக்கா குதிக்காத குறை. "நான் அப்பவே சொன்னேன்!" என்றாள். அவள் அப்போது எதுவும் சொல்லவில்லை, பயந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் தங்கையின் முகத்தில் சந்தோஷம் இல்லை. "சாயம் இல்லன்னா வேற என்ன? அது தெரியாம உன்ன விட்டா, திரும்ப வரும். திரும்ப வந்தா மாமா கடைய வித்துடுவாரு. நான் ஒருநாள் கடைல வந்து உக்காந்து பாக்கறேன். நீ எப்பவும் போல வேலை செய். எனக்குன்னு எதுவும் செய்யாத. புரியுதா?"

"புரியுது."

என்ன புரிந்தது! பெரிய டாக்டர், தன் தங்கை, திறந்த அன்றைக்குப் பிறகு கடைப் பக்கம் வர நேரமே கிடைக்காதவள், முழுதாக ஒருநாள் கடைக்கு வந்து உட்காரப் போகிறாள். எப்பவும் போல இருக்க முடியுமா? முந்தின நாள் கடைக்கு வார விடுமுறை. அக்கா காலையிலேயே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். கண்ணாடி துடைத்து, சீப்புகளை ஊறவைத்து, நாற்காலிக் கால்களில் சுற்றியிருந்த முடியைக் கொக்கியால் இழுத்து எடுத்து, கடைசியில் ஸ்டூல் போட்டுச் செடிக்கு ஏறினாள். பழுத்த இலைகளைக் கிள்ளினாள். தாறுமாறாகத் தொங்கிய கொடிகளை வெட்டினாள். வெட்டின கொடிகளைத் தோளிலும் முன்னங்கையிலும் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாக, முன்னும் பின்னும், குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்தாள். கிளவுஸ் சாயத்துக்கு, இதற்கு எதற்கு கிளவுஸ்?

மறுநாள் காலை தங்கை கடைக்குள் நுழைந்தபோது அக்காவின் ஒரு கண் முழுசாக மூடியிருந்தது. மற்றது கீற்றாகத் திறந்திருந்தது. விரல்களில் புதிதாகக் கொப்புளம். நாற்காலியில் டீச்சரம்மா துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கிளவுஸ் மாட்டிக்கொண்டு அவருக்குச் சாயம் கலக்கிக்கொண்டிருந்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

தங்கை பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "நேத்து கடை லீவுதானே? சாயம் தொட்டியா?"

"இல்ல."

"ஷாம்பூ?"

"இல்ல."

"அப்ப என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல. வீட்ல படுத்திருந்தேன்."

தங்கை கடையைச் சுற்றிப் பார்த்தாள். தரையில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. "கடை இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றாள் அக்கா, நிமிர்ந்து. வீம்பு என்றால் அவளுடையதுதான் வீம்பு. கடையே கைவிட்டுப் போகிற நிலையிலும், தங்கை வருகிறாளென்று நாள் முழுக்கத் தேய்த்தேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

டீச்சரம்மாவால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருஷம் பொய் சொல்லும் பிள்ளைகளைப் பிடித்த பழக்கம் எங்கே போகும்? "எங்கம்மா எப்பவும் இப்படி? போன தடவ இந்தக் கண்ணாடில என் மூக்கே எனக்குத் தெரியல. டாக்டரம்மா, நேத்து நான் காய்கறி வாங்கப் போறப்ப பாத்தேன். உள்ள ஸ்டூல் மேல நின்னுட்டு ஏதோ துடைச்சிட்டிருந்தா."

"டீச்சர்!" என்றாள் அக்கா.

தங்கை சிரிக்கவில்லை. அக்காவின் ஒரு கையிலிருந்து கிளவுஸைக் கழற்றி, முழங்கைவரை துணியை மேலே தள்ளினாள். முன்னங்கையில் கோடு கோடாகச் சிவந்திருந்தது, யாரோ சிவப்புப் பேனாவால் கிறுக்கிவிட்ட மாதிரி. அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலே, வரிசையாகத் தொங்கும் கொடிகளைப் பார்த்தாள்.

"அத தொட்டியா?"

"அது மணி பிளான்ட்டுடி. அது என்ன பண்ணும்?"

தங்கை ஒரு கிளவுஸை மாட்டிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நுனிக்கொடியைக் கிளவுஸ் கையால் பிடித்துத் திருப்பினாள். புது இலை ஒன்று மெல்லிய, வெளிர்சிவப்பான உறைக்குள்ளிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்தது. "மணி பிளான்ட்ல இந்த உறை வராது" என்றாள். குரலே மாறிவிட்டது. "புது இலை பழைய காம்புலேர்ந்து அப்படியே விரிஞ்சு வரும். இது வேற. ஃபிலோடென்ட்ரான். பாக்க ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். இதோட சாறு சில பேருக்கு ஒத்துக்காது. அக்கா, இத வாரா வாரம் துடைப்பியா?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா" என்றாள் அக்கா. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துபோன கொப்புளங்கள் அவளுக்கே அப்போதுதான் கணக்கில் வந்தன.

தங்கை இரண்டு இலையும் ஒரு காம்பும் வெட்டி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினாள். அக்கா ஒற்றைக் கண்ணால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வாள், இது நான் குடுத்ததாச்சே என்று இப்போது சொல்வாள் என்று காத்திருந்தாள். தங்கை உறையின் மேல் பேனாவால் தேதி எழுதினாள். அவ்வளவுதான். அவளுக்கு நினைவே இல்லை.

அக்காவுக்கு வலித்தது. பொய் சொல்வானேன், கொப்புளத்தைவிட அதிகமாக வலித்தது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த செடி, கொடுத்தவளுக்கே தெரியாது! பிறகு அன்று பஸ்ஸுக்கு ஓடின பெண்ணின் கொட்டாவி நினைவுக்கு வந்தது. நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு என்ன நினைவிருக்கும்? மனசு கொஞ்சம் ஆறியது. முழுசாக ஆறவில்லை.

கண் வீக்கம் வடிந்து, கை ஆறும்வரை பொறுத்து, அந்த இலைகளில் சின்னத் துண்டு நறுக்கி அக்காவின் முதுகில் ஒட்டினாள் தங்கை. தன் கையிலும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டாள். கூட வேலை செய்யும் டாக்டர்கள் சிலர் கையிலும் ஒட்டினாள். "எல்லாருக்கும் எரிஞ்சா அது இலையோட குணம். உனக்கு மட்டும் எரிஞ்சாதான் அலர்ஜி. சும்மா செடி மேல பழி போட்டுட்டுப் போக முடியாது" என்றாள். அதைக் கேட்டு அக்காவுக்கு மறுபடி பெருமை பொங்கியது. பக்கத்துத் தெரு டாக்டர் ஒரே கேள்வியில் ஒரு கடையை மூடிவிட்டார். இவள் ஒரு செடியைக் குற்றம் சொல்ல இத்தனை பேர் கையை நீட்ட வைக்கிறாள்.

முடிவு பார்க்கிற நாளில் தங்கைக்குப் பொறுக்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், மத்தியானமே கடைக்கு வந்துவிட்டாள். நாற்காலியில் டீச்சரம்மா இருந்தார். சாயம் பூசி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காதோரம் கொஞ்சம் முடி இடிக்கிறது, வெட்டணும் என்று வந்திருந்தார். காதோரம் ஒன்றும் இடிக்கவில்லை. முடிவு என்னவென்று தெரியாமல் அவருக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை, அதுதான் விஷயம்.

தலை அலசுகிற இடத்தில் திரையை இழுத்துவிட்டு, தங்கை அக்காவின் முதுகைப் பார்த்தாள். ஒட்டிய இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாசக் கடைசி வந்துவிட்டது; கடையைப் பார்க்க வருகிற ஆள் சாயங்காலம் வருவதாகப் புருஷன் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"என்னடி? சொல்லு!"

"சூப்பரா செவந்திருக்கு அக்கா!" தங்கை கத்தியே விட்டாள். "தடிச்சு, கொப்புளம் வேற! அவ்வளவு அழகா வந்திருக்கு!" அடுத்தவர் முதுகில் கொப்புளம் வந்ததற்கு இப்படிக் கூத்தாடுகிறவளை அக்கா பார்த்ததில்லை. தங்கை தன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். "எனக்குப் பாரு, ஒண்ணும் இல்ல. எங்க டாக்டர்ங்க யாருக்கும் இல்ல. உனக்கு மட்டும்தான். சாயமும் இல்ல, ஷாம்பூவும் இல்ல. இந்தச் செடிய மட்டும் தொடாம இரு. கடை உன்னுது அக்கா. சாகறவரைக்கும் சாயம் போடு!"

திரைக்கு வெளியே டீச்சரம்மா கை தட்டினார்.

அக்கா அழுதாள். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, முதல் காரியமாகப் புருஷனுக்கு போன் போட்டாள். "அந்த ஆள வர வேண்டாம்னு சொல்லுங்க. ஏன்னா கேக்கறீங்க? டாக்டர் சொல்லிட்டாங்க. எந்த டாக்டரா? எத்தன டாக்டர் இருக்காங்க நம்ம குடும்பத்துல?" என்றாள். போனை வைத்தபோது கழுத்து ஒரு விரற்கடை நீண்டிருந்தது.

டீச்சரம்மாவுக்குத் திடீரென்று வேறு கவலை பிடித்துக்கொண்டது. அக்கா கொடுத்த கொடி ஒன்று அவர் வீட்டு ஜன்னலில் பாட்டிலில் நிற்கிறது. தங்கை அவர் கையை வாங்கிப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் வராது டீச்சர், வந்திருந்தா இதுக்குள்ள வந்திருக்கும்" என்றாள். "அப்ப இந்தப் பெருச நானே எடுத்துட்டுப் போறேன், பாவம், எங்க போகும் அது" என்றார் டீச்சரம்மா.

அக்கா கத்தரிக்கோலை எடுத்து, இல்லாத முடியை வெட்ட ஆரம்பித்தாள். தங்கை கல்லா மேசையில் சாய்ந்துகொண்டு தன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னங்கைக் கோடு, உறைக்குள்ளிருந்து வந்த இலை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, தங்கையின் கால் தரையில் பாவவில்லை. "மாநாட்டுல நான் இத பேசணுமாம் அக்கா! எல்லா ஆஸ்பத்திரிலேர்ந்தும் டாக்டர்ங்க வருவாங்க. அவ்வளவு பேர் முன்னாடி நான்!"

அக்கா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். பரீட்சையில் முதலாவதாக வந்தபோது, டாக்டர் சீட்டு கிடைத்தபோதுகூட இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. அன்றெல்லாம் அடுத்து என்ன என்கிற கவலை அந்த முகத்தில் இருந்தது. இன்று ஒரு கவலையும் இல்லை. தன் வேலையில் தான் ஜெயித்த முகம். இதைப் பார்க்கத்தான் இத்தனை தலைகளை வெட்டினேன் என்று அக்காவுக்குத் தோன்றியது.

"ஆமா," என்றாள் தங்கை, ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "இந்தச் செடிய யாரு உனக்குக் குடுத்தது? மாநாட்டுல கண்டிப்பா கேப்பாங்க. குடுத்தவங்க மட்டும் என் கைல கிடைக்கட்டும், உன்ன இந்தப் பாடு படுத்தினதுக்கு நல்லா நாலு கேள்வி கேக்கறேன்."

கடையில் ஒரு நிமிஷம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"யாரோ ஒரு கஸ்டமர்டி," என்றாள் அக்கா. "கடை திறந்த புதுசுல குடுத்தாங்க. ரொம்ப நல்ல மாதிரி. இப்ப எங்க இருக்காங்களோ."

டீச்சரம்மா கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். மனப்பாடமாகத் தெரிந்த வசனம் வாயில் முட்டிக்கொண்டு நிற்க, கழுத்தைத் திருப்பி, "அது..." என்று வாயைத் திறந்தார்.

அக்கா அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேரே வைத்தாள்.

"ஆடாதீங்க டீச்சர்," என்றாள். "காது போயிடும்."